பல்பு எங்கேயும் போகவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், கூழ் குடித்த கையோடு முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும் தண்டையார்பேட்டை மக்களுக்கும் வணக்கம்.

தீம் பார்க்குகளில் ராத்திரி நடக்கும் ஒளிக்காட்சியும் ஊர்வலமும் மனதில் நிற்பதற்குக் காரணம் பட்ஜெட்டா, கற்பனையா? இதுதான் தலைப்பு. நான் கற்பனை அணி. பட்ஜெட் அணித் தம்பி இப்போதுதான் பேசிவிட்டு உட்கார்ந்தார். "காசைக் கொட்டினால் கண்ணைப் பறிக்கும்" என்றார், கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், நம்ம ஏரியா பையன் ஆயிற்றே. பறித்த கண்ணை எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

ஈசிஆர் பக்கம் ஒரு பார்க்கில் ராத்திரி ஷோ பார்த்தாராம், சப்பென்று இருந்ததாம், எல்லாம் காசில்லாத குறையாம். பார்க் பேர் வேண்டாம். அந்த மாதிரி ஒன்றைக் குடும்பத்தோடு நானும் பார்த்திருக்கிறேன். புகை விட்டார்கள். பச்சை லேசர் சுற்றியது. ஒரு சினிமாப் பாட்டு பாதியில் அறுந்து இன்னொரு பாட்டு வந்தது. மறுபடியும் புகை. என் பையன் கேட்டான், "அம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" அப்போது ஷோ முடிந்து ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். லேசர் வாங்கக் காசு இருந்திருக்கிறது ஐயா. முதலில் எதைக் காட்டுவது, எந்த இடத்தில் இருட்டாக்குவது, எதை வைத்து முடிப்பது என்று ஒரு ஆள் நோட்டும் பேனாவுமாக உட்காரவில்லை. வண்ணாரப்பேட்டையில் நோட்டு என்ன விலை?

சரி, காசுள்ள இடத்துக்கே போவோம். அமெரிக்காவில் புளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 2021 அக்டோபரில் அதற்குப் பொன்விழா. இரண்டு ராத்திரி ஷோக்களைப் புதிதாக இறக்கினார்கள். ஒன்று அதற்குள் இருக்கும் எப்காட் பார்க் ஏரியில், பேர் ஹார்மோனியஸ். ஏரி நடுவில் பிரம்மாண்டமான மிதவைகள், ஒரு ராட்சத வளையம், எல்இடி திரை, நீரூற்று, வாணவேடிக்கை. ராத்திரிக்குச் சரி. பகலில் அந்த மிதவைகளை எங்கே வைப்பது? ஏரியிலேயே நின்றன. தண்ணீரைப் பார்க்க வந்தவருக்கு இரும்புதான் தெரிந்தது. வளைந்து நின்ற மிதவைகளுக்கு ரசிகர்கள் 'டாக்கோ' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். டாக்கோ என்றால் மெக்சிகோக்காரர்கள் மடித்துத் தின்னும் ரொட்டி. காசிமேட்டில் நின்றிருந்தால் நாம் இன்னும் நல்ல பேராக வைத்திருப்போம்.

இன்னொன்று அங்கேயே இன்னொரு பார்க்கான மேஜிக் கிங்டம் கோட்டையில், பேர் என்சாண்ட்மென்ட். புரொஜெக்டர் வைத்துக் கோட்டைச் சுவர் மேலேயே படம் ஓட்டுவது. அது போதாதென்று கோட்டைக்கு முன்னால் இருக்கும் கடைத்தெருக் கட்டடங்கள் மேலும் படம். இரண்டு ஷோவும் 2023 ஏப்ரல் 2ஆம் தேதி ஒரே ராத்திரியில் மூட்டை கட்டின. மொத்தம் ஒன்றரை வருஷம். "பொன்விழா முடிந்தது, எடுத்துவிட்டார்கள்" என்று தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும். மறுநாள் கோட்டையில் என்ன ஓடியது? 2017இல் வந்த பழைய ஷோ, ஹாப்பிலி எவர் ஆஃப்டர். ரசிகர்கள் கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தது. கடைத்தெரு வெளிச்சத்தை அதற்கும் சேர்த்துக்கொண்டார்கள், அதை நான் மறைக்கவில்லை. புரொஜெக்டர் கதைக்குப் பின்னால் போனால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

அந்த எப்காட் ஏரியில் முன்பு ஓடிய இல்லுமினேஷன்ஸ் 1999 முதல் 2019 வரை இருபது வருஷம் நின்றது. பூமி உருண்டை ஒன்று தண்ணீரில் மிதந்து வரும், கடைசியில் தாமரை மாதிரி விரியும், உள்ளேயிருந்து ஒரு தீபம் எழும்பும். கதை முடிந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் பாருங்கள். ஹார்மோனியஸ் கதையைச் சொல்லச் சொன்னால் நான் பாட்டுப் பட்டியல்தான் வாசிக்க வேண்டும்.

பல்புக்கு வருகிறேன். 1971இல் புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு திறந்த மாதமே, அங்குள்ள ஏரியில் 14 மிதவைகளை ராத்திரியில் வரிசையாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றிலும் 25 அடி உயரத்துக்கு ஒரு சட்டம், சட்டம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்கு. இருட்டில் மிதவை தெரியாது. ஆமையும் திமிங்கிலமும் கடல் பாம்பும் மட்டும் தண்ணீர் மேல் நீந்தும். அடுத்த வருஷம் ஜூனில் அந்த யோசனை கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் தெருவுக்கு வந்தது. அதுதான் மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிகல் பரேட். 1996இல் அங்கே அதை நிறுத்தியபோது வண்டிகளில் இருந்த பல்புகளை நினைவுப் பொருளாக விற்றார்கள். வாங்கினார்கள் ஐயா, பல்பை! அதற்குப் பதிலாக 1997 மே மாதம் லைட் மேஜிக் என்று ஒன்று வந்தது. ஃபைபர் ஆப்டிக், நகரும் மேடைகள் என்று கோடிக்கணக்கான டாலர் செலவு. அந்தச் செப்டம்பரிலேயே படுத்துவிட்டது.

இந்தப் பல்பு வித்தை நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. ஆடி மாசம் தெருமுனையில் நிற்கும் சீரியல் செட் கட்டவுட்டைச் சொல்கிறேன். என் சித்தப்பா அந்த வேலைதான் செய்தார். அப்போதெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. கட்டவுட்டுக்குப் பின்னால் ஒரு மர உருளை, அதில் அங்கங்கே வெட்டி ஒட்டிய செப்புத் தகடு, சுற்றுவதற்கு ஒரு பழைய மோட்டார். தகடு கம்பியைத் தொடும்போது ஒரு வரிசை எரியும், விலகினால் அணையும். தொடும் இடத்தில் நீலமாகப் பொறி பறக்கும், ஒரு மாதிரி கருகிய வாசனை வரும். முன்னால் ஊரே மயில் தோகை விரிப்பதைப் பார்க்கும். நான் பின்னால் குந்திக்கொண்டு உருளையைப் பார்ப்பேன். சித்தப்பா பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார், "இன்னா பாப்பா அப்படிப் பாக்குற? பல்பு எங்கயும் போவல. உன் கண்ணுதான் ஓடுது."

டிஸ்னிக்காரனின் தெருவிலும் ஓடியது பார்க்கிறவன் கண்தான். கண் எப்படி ஓடும் என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். அவரைத் தேடாமல் முதலில் டெண்டர் விடுவதால்தான் புகையும் லேசரும் வருகிறது.

பிரான்சில் புய் டு ஃபூ என்று ஓர் இடம். 1978இல் அங்கே இருந்தது ஓர் இடிந்த கோட்டை. சுற்றுவட்டார மக்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் ஊர்க் கதையை ராத்திரியில் நடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். தீம் பார்க் கட்டியது 1989இல். முதலில் ஷோ, பதினோரு வருஷம் கழித்துத்தான் பார்க்! இன்று அங்கே பணம் நிறைய புரள்கிறது. ஆனாலும் அந்தப் பழைய ஷோவை 23 ஹெக்டேர் மேடையில் நடத்துவது ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள்தான்.

நமக்கு இது புரியாதா? புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து, திருப்பதி பெருமாளுக்குக் கொண்டுபோகும் திருப்பதிக் குடை கிளம்புகிறது. ஊர்வலத்தில் என்ன இருக்கிறது? குடை. அவ்வளவுதான். ஆடி அசைந்து வரும் குடை யானைகவுனி வந்ததும் ஓட்டமெடுக்கும். கவுனி தாண்டுகிற அந்த ஒரு ஓட்டத்துக்காக மாடி, மதில், மரம் எல்லாம் ஜனம். ஓடலாம் என்று முதலில் எவருக்குத் தோன்றியதோ, அவருக்கு என்ன பட்ஜெட் கொடுத்தார்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்புக்கும் ஆள் சம்பளத்துக்கும் காசு வேண்டும், அதில் கை வைக்கவே கூடாது. டிஸ்னிலேண்டின் ஃபேன்டாஸ்மிக் ஷோவில் 45 அடி டிராகன் பொம்மை 2023 ஏப்ரல் 22ஆம் தேதி ஷோ நடக்கும்போதே தீப்பிடித்து எரிந்தது. ஒரு வருஷம் நிறுத்தி வைத்து 2024 மே மாதம் திரும்ப ஆரம்பித்தார்கள். டிராகன் இல்லாமல்! டிராகனாக மாறவேண்டிய சூனியக்காரியையே உயரத்தில் தூக்கி நிறுத்திச் சண்டையை முடித்தார்கள். தம்பி, அந்த யோசனையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிட்டேன் ஐயா. தீர்ப்பு சொல்லும் முன் ஒரு நிமிஷம் தெருமுனை வரை நடந்து வாருங்கள். இந்த வருஷ மயில் எல்இடி மயில், உருளை கிடையாது, இடது பக்கத் தோகையில் இரண்டு வரிசை எரியவில்லை. சாயந்திரம் நான் வரும்போது அதன் பின்பக்கம் ஒரு சின்னப் பெண் குந்தியிருந்தாள். ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி, வணக்கம்.