பெட்டி ஒரு முகவரிக்கு, கேள்வி வேற முகவரிக்கு

வணக்கங்க. மேசை மேல ரெண்டு பொருள் இருக்கு பாருங்க. ஒண்ணு, அமெரிக்கத் தபால் துறை ராணுவ முகவரிக்குன்னே சும்மா குடுக்குற அட்டைப் பெட்டி. நீளம் 12 அங்குலம், அகலம் 12, உயரம் அஞ்சரை. இன்னொண்ணு ஒரு சின்னச் சீட்டு. அதுல 202-224-3121னு எழுதியிருக்கு. வாஷிங்டன்ல நாடாளுமன்றக் கட்டடத்தோட ஸ்விட்ச்போர்டு நம்பர் அது, உங்க தொகுதி உறுப்பினரோட அலுவலகத்துக்கு அங்க இருந்து இணைப்பு குடுப்பாங்க.

அமெரிக்கப் படையில இருக்குற பிள்ளைங்க நல்லா இருக்கணும், ஆனா அவங்களை அனுப்பின போர் எதுக்குன்னு கேட்டே ஆகணும். இப்படி நினைக்கிறவங்களுக்குத்தான் இன்னைக்கு வீடியோ. ரெண்டையும் செய்யலாம். ஒரே உறைக்குள்ள போட்டு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். பெட்டி சிப்பாய்க்கு, கேள்வி முடிவெடுத்தவங்களுக்கு.

முதல்ல பெட்டி. இது ஃப்ளாட் ரேட், 70 பவுண்டு வரைக்கும் என்ன எடை வெச்சாலும் ஒரே காசு. சாதாரண பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டியை விடவும் விலை கொஞ்சம் கம்மி. எந்த நாட்டுல இருந்தாலும் உள்நாட்டுத் தபால் கட்டணம்தான்.

முகவரியிலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. முதல் வரி முழுப் பெயர். அடுத்து யூனிட், அதாவது படைப் பிரிவு நம்பரும் பாக்ஸ் நம்பரும். ஊர்ப் பெயர் வர்ற இடத்துல ஏபிஓ (APO, ராணுவத் தபால் நிலையம்), கப்பல்னா எஃப்பிஓ (FPO, கடற்படைத் தபால் நிலையம்). மாநிலத்துக்குப் பதிலா ஏஈ (AE), ஏபி (AP), ஏஏ (AA) இந்த மூணுல ஒண்ணு. ஐரோப்பாவும் மத்திய கிழக்கும் ஏஈ, பசிபிக் பக்கம் ஏபி. அப்புறம் ஜிப் கோடு, நம்ம ஊர் பின் கோடு மாதிரி. கீழ குவைத்னோ ஜெர்மனினோ நாட்டுப் பெயரை எழுதவே எழுதாதீங்க. எழுதினா பெட்டி ராணுவத் தபாலை விட்டு அந்த நாட்டுத் தபால் வழியில மாட்டிக்கும். பிள்ளை எங்க இருக்கான்னு வெளியில தெரியாம இருக்கவும் அதுதான் நல்லது.

பொருள் எதுவா இருந்தாலும் சுங்கப் படிவம் வேணும். அதுல "பரிசுப் பொருள்", "தின்பண்டம்"னு பொத்தாம் பொதுவா எழுதினா கவுன்ட்டர்ல திருப்பிக் குடுத்துடுவாங்க. "பருத்தி சாக்ஸ், 6 ஜோடி, 18 டாலர்"னு பொருள், எண்ணிக்கை, விலை மூணும் இருக்கணும். தடைப் பட்டியலும் ஒவ்வொரு ஜிப் கோடுக்கும் தனித்தனி. மத்திய கிழக்குல பல ஜிப் கோடுக்குப் பன்றி இறைச்சி எந்த வடிவத்துலயும் போகாது. மது எங்கயுமே போகாது. ஸ்ப்ரே டப்பா விமானத்துல ஏறாது. அந்த ஜிப் கோடுக்கு என்ன தடைன்னு தபால் துறை தளத்துலயே இருக்கு, பேக் பண்றதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.

உள்ள என்ன வைக்கலாம்? தடிமனான சாக்ஸ், பேபி வைப்ஸ், உதட்டுக்கு பாம், கால் பவுடர், தண்ணில கலக்குற எலுமிச்சைப் பொடி, இன்ஸ்டன்ட் காபி, உப்புப் போட்ட பாதாம். கோடையில சாக்லேட் வேண்டாம். ஈராக் வெயில் 50 டிகிரியைத் தாண்டும், போய்ச் சேரும்போது குழம்பாத்தான் இருக்கும். சோப்பையும் பிஸ்கட்டையும் ஒரே பெட்டியில வைக்காதீங்க. வழியில சூடாகி, பிஸ்கட் முழுக்க சோப்பு வாடை ஏறிடும். வேற வழியே இல்லைன்னா சோப்பை ரெண்டு ஜிப்லாக் பைக்குள்ள போடுங்க.

நம்ம முறுக்கு, அதிரசம்? உங்களை நேர்ல தெரிஞ்ச பிள்ளைன்னா அனுப்புங்க. முறுக்கை நிக்க வெச்சு, இடைவெளியில டிஷ்யூ பேப்பரைத் திணிச்சாத்தான் உடையாமப் போகும். தெரியாத ஆள் வீட்டுல செஞ்சு அனுப்பினதை முகாம்ல யாரும் தொட மாட்டாங்க, அது நியாயம்தான். "யாராவது ஒரு வீரருக்கு"ன்னு பெயரில்லாம அனுப்புற வழக்கமும் இப்போ கிடையாது. 2001 அக்டோபர்ல தபால்ல ஆந்த்ராக்ஸ்ங்கிற கொடிய நோய்க்கிருமிப் பொடி வந்ததுக்கு அப்புறம் அதை நிறுத்திட்டாங்க. பெயரும் முகவரியும் அந்தக் குடும்பத்துக்கிட்ட இருந்து நேரா வரணும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி, முகவரியை இன்னொரு சீட்டுல எழுதி உள்ள மேலாப்புல வைங்க. வெளி லேபிள் கிழிஞ்சாலும் பெட்டி தப்பிச்சுரும். அனுப்புநர் முகவரியும் கட்டாயம். யூனிட் ஊர் திரும்பிட்டா பெட்டி உங்ககிட்டயே வரணும் இல்லையா.

கூட ஒரு கடிதம் வைப்பீங்க. அதுல போர் சரியா தப்பான்னு ஒரு வரியும் வேண்டாம். தெருவுல என்ன நடக்குது, எந்த டீம் ஜெயிச்சுது, நாய்க்குட்டி எப்படி இருக்கு, இது போதும். ராத்திரி காவலுக்குப் போறவனால அந்த விவாதத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்? முடிவு அவன் கையில இல்லையே.

வீரரையும் போர் விவாதத்தையும் இப்படித் தனித்தனியாப் பிரிக்கிறதை ரொம்பத் தெளிவாச் செஞ்ச ஒரு இடம் வாஷிங்டன்ல இருக்கு, வியட்நாம் நினைவுச் சுவர். 1982ல திறந்தாங்க. வியட்நாம் போய்த் திரும்பினவங்களே காசு திரட்டிக் கட்டினது. வடிவமைப்புப் போட்டிக்கு அவங்க போட்ட நிபந்தனையில ரெண்டு முக்கியமானது: செத்தவங்க, காணாமப் போனவங்க எல்லார் பெயரும் இருக்கணும், போரைப் பத்தி எந்த அரசியல் கருத்தும் இருக்கக் கூடாது. ஜெயிச்சது மாயா லின், அப்போ 21 வயசு மாணவி. சுவரோட கறுப்பு கிரானைட் நம்ம பெங்களூர் பக்கத்துல இருந்து போன கல்லு. 58,000க்கு மேல பெயர். அகர வரிசை கிடையாது, பதவி வரிசையும் கிடையாது, உயிர் போன தேதி வரிசை. ரெண்டு சுவரும் சேர்ற மூலையில தொடங்கி வலது கோடி வரைக்கும் போய், இடது கோடியில இருந்து திரும்ப அதே மூலைக்கு வரும். அதனால முதல்ல செத்தவங்க பெயரும் கடைசியில செத்தவங்க பெயரும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. கிட்டப் போய்ப் பாருங்க, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்துல ஒரு சின்னக் குறி இருக்கும். வைரக் குறின்னா மரணம் உறுதி. சிலுவைக் குறின்னா காணாமப் போனவர். உடல் கிடைச்சு அடையாளம் தெரிஞ்சா சிலுவை மேலயே வைரத்தைச் செதுக்குவாங்க. உயிரோட திரும்பினா வட்டம் போடணும்னு ஏற்பாடு. இதுவரைக்கும் ஒரு வட்டமும் போடலை.

அந்தச் சுவர் முன்னாடி, போரை ஆதரிச்சவங்களும் எதிர்த்தவங்களும் ஒரே மாதிரிக் குனிஞ்சு, காகிதத்தை வெச்சு பென்சிலால உரசிப் பெயரை எடுத்துட்டுப் போறாங்க.

சரி, இப்போ சீட்டு. கேள்வி கேட்டா வீரர்களோட மன உறுதி குலைஞ்சுரும்னு சொல்றாங்க இல்லையா, ஈராக்கைப் பாருங்க. 2003 பிப்ரவரி 5ல அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வுல ஈராக் கிட்ட பேரழிவு ஆயுதம் இருக்குன்னு விளக்கினார். மார்ச்ல போர். 2004ல அமெரிக்காவே அமைச்ச தேடுதல் குழு, அப்படிக் கையிருப்பு எதுவும் இல்லைன்னு அறிக்கை குடுத்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல, குவைத்ல ஒரு சிப்பாய் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டை நேருக்கு நேர் கேட்டார்: வண்டிக்குக் கவசம் போட நாங்க ஏன் குப்பை மேட்டுல இரும்பு பொறுக்கணும்? சுத்தி நின்ன வீரர்கள் கைதட்டினாங்க. அதுக்கு அப்புறம்தான் கவச வண்டி உற்பத்தியைக் கூட்டினாங்க. சீருடையில இருக்கிறவரே கேட்ட கேள்வி அது. நாம வாயை மூடிக்கிட்டு இருந்தா அவருக்கு என்ன லாபம்?

போன்ல "போரை நிறுத்துங்க"ன்னு மட்டும் சொன்னா, உறுப்பினர் அலுவலகத்துல எதிர்ப்புன்னு ஒரு கோடு போட்டுட்டு வெச்சுருவாங்க. பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாக் கேளுங்க. முதல்ல பெயரும் ஜிப் கோடும். தொகுதி வாக்காளர்னு தெரிஞ்சாத்தான் மதிப்பு. அப்புறம்: "இந்தப் படை நடவடிக்கை எந்த அனுமதிச் சட்டத்தின் கீழ நடக்குது?" செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம், 2001 செப்டம்பர் 14ல பிரதிநிதிகள் சபையில 420க்கு 1னு நிறைவேறின படை அனுமதிச் சட்டத்தை, எத்தனையோ நாட்டுல நடந்த நடவடிக்கைக்கு அனுமதியாக் காட்டியிருக்காங்க. அதுல ஒரு நாட்டுப் பெயரும் கிடையாது. எதிர்த்து விழுந்த அந்த ஒரே ஓட்டு சபை உறுப்பினர் பார்பரா லீ போட்டது. அடுத்த கேள்வி: "48 மணி நேரத்துல சபைக்கு அறிக்கை வந்துதா? 60 நாள் கெடு என்னைக்கு முடியுது?" ரெண்டும் 1973 போர் அதிகாரத் தீர்மானத்துல இருக்கு: படையை இறக்கினா 48 மணி நேரத்துல ஜனாதிபதி சபைக்குச் சொல்லணும், சபை அனுமதி கிடைக்கலைன்னா 60 நாள்ல நிறுத்தணும். கடைசியா, "உறுப்பினரோட பதில் எனக்கு எழுத்துல வேணும்"னு சொல்லி முகவரியைக் குடுங்க.

காகிதக் கடிதம் வாஷிங்டனுக்கு வேண்டாம். அதே 2001 ஆந்த்ராக்ஸுக்கு அப்புறம் அங்க போற தபால் எல்லாம் வெளியில சோதனை முடிஞ்சுதான் உள்ள போகுது, தாமதமாகும். உறுப்பினரோட தொகுதி அலுவலகத்துக்கு அனுப்புங்க, இல்லைன்னா இணையப் படிவம்.

பெட்டி அனுப்பின பிள்ளை ஊர் திரும்பினதும் வேலை முடியலை. முகாம்ல குப்பை எரிச்ச குழிப் புகையைச் சுவாசிச்சவங்களுக்கு 2022 ஆகஸ்ட் 10ல கையெழுத்தான பாக்ட் சட்டம் இருக்கு. அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும்போது, 20க்கு மேற்பட்ட நோய்களுக்கு, பணியாலதான் வந்துச்சுன்னு தனியா நிரூபிக்க வேண்டியதில்லை. டிடி-214 பணிவிடுப்புத் தாளைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க, எதுக்குப் போனாலும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. முதல் விண்ணப்பம் போட்டுத் தர யாராவது காசு கேட்டா குடுக்க வேண்டாம். அதுக்குக் கட்டணம் வாங்கவே கூடாதுன்னு சட்டம். மாவட்ட முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் இலவசமாச் செஞ்சு தருவார். முதல் தடவை நீங்களும் கூடப் போங்க, படிவம் நீளம்.