கண்ணகியை ஏன் குளிரவைக்கிறோம்?

(காட்சி: வைகாசி மதியம். ஆளில்லாத வயல். காற்றின் இரைச்சல்.)

மட்டக்களப்புப் பக்கம் வைகாசியில் வந்திருக்கிறீர்களா? மழை போய் மாதக்கணக்காகியிருக்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்; உதடு வெடிக்கும். இந்த மாதத்தில்தான் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று ஊர் ஊராகக் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு. உடுக்கடித்து வழக்குரை, அதாவது கண்ணகி கதைப் பாட்டு, பாடுவார்கள். கடைசி நாள் குளிர்த்தி.

குளிர்த்தி என்றால் குளிரவைப்பது. யாரை? மதுரையை எரித்தவளை.

(காட்சி: வேப்பிலை, நீர் நிறைந்த குடம்.)

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கோபம் கண்மூடித்தனமானது இல்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று தீக்கே கட்டளை போடுகிறாள். அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவன் மடையன் என்பது அவர் கட்சி. ரோமாபுரிச் செனெக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். கோபத்தைப் பற்றித் தனி நூலே எழுதிய அவருக்கு அது கொஞ்ச நேரப் பைத்தியம். மருந்து, தாமதம்.

எனக்கு இந்த வழக்கை விட அதற்குப் பிறகு நடந்ததில்தான் அக்கறை. கோபம் நியாயமானது, சரி. எரித்தும் ஆயிற்று. அப்புறம் அந்தச் சூட்டை என்ன செய்வது?

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை என்ற உரைநடைப் பகுதியில் ஒரு பதில் இருக்கிறது, பயங்கரமான பதில். பாண்டி நாட்டில் மழை இல்லை, வெப்பு நோய், அம்மை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்துச் சாந்தி செய்கிறான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். செத்தது ஆயிரம் பேர். அடுத்த சில வரிகளிலேயே நம் தீவு வருகிறது: 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு' என்ற அரசன் நங்கைக்குக் கோட்டம் எடுத்து விழா நடத்த, மழை பெய்து வளம் பெருகியதாம்.

கிழக்கில் பாடும் வழக்குரை, ஏடாகக் கிடந்து வித்துவான் வி. சீ. கந்தையாவால் பதிப்பிக்கப்பட்டது. அது முடிவது பலியில் இல்லை, குளிர்த்திப் பாட்டில். எரித்துவிட்டு வருகிறவளை ஆயர் சேரிப் பெண்கள் ஆற்றுகிறார்கள். 'நீ செய்தது பிழை' என்று யாரும் சொல்லவில்லை. சூடு தணியட்டும், அவ்வளவுதான்.

(காட்சி: வரைபடம். இரண்டு வளைந்த கொம்புகள் ஒன்றில் ஒன்று மாட்டியபடி.)

இதோடு சேர்ந்த இன்னொன்று கொம்புமுறி. இப்போது அரிதாகத்தான் நடக்கிறது. ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி, தென்சேரி. ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். இரண்டு மரக்கொம்புகளைக் கோத்து, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். வென்ற சேரி தோற்ற சேரியை வசை பாடும். அந்தப் பாட்டுகளில் பலதை இந்தச் சேனலில் போட முடியாது. சிங்கள ஊர்களில் இதே விளையாட்டு அங்கெலிய, அங்கே அவள் பத்தினி தெய்யோ. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர இவற்றையெல்லாம் உளப்பகுப்பாய்வுக் கண்ணோடு பார்த்து 1984இல் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார்.

உளவியல் என்றதும் பலருக்கு உடனே வரும் விளக்கம்: 'ஓ, உள்ளே அடைத்ததை வெளியே கொட்டுகிறார்கள்.' 1895இல் வியன்னா மருத்துவர்கள் புரொயரும் ஃபிராய்டும் சொன்னதன் நிழல் அது. ஆனால் கொட்டினால் கோபம் குறையுமா?

பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட சோதனையில் 600 மாணவர்களுக்குக் கோபமூட்டினார். ஒரு பகுதியினர் கோபமூட்டியவனை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் சும்மா இருந்தார்கள். கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தவர்கள் குத்தியவர்கள்தான். 2024இல் அவரும் சோஃபி க்யார்விக்கும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, ஒன்றாக அலசினார்கள். கொட்டித் தீர்ப்பது உதவவில்லை. உதவியது உடம்பின் படபடப்பை இறக்குவது: ஆழ்ந்த மூச்சு, தியானம், தசைகளைத் தளர்த்துவது. ஓட்டம்கூட உதவவில்லை, ஏனென்றால் அது உடம்பை இன்னும் ஏற்றுகிறது.

(காட்சி: குடத்து நீர் தெளிக்கப்படுகிறது.)

'அன்றே சொன்னார்கள் நம் முன்னோர்' என்று ஒரு வகை வீடியோ இருக்கிறதே, அந்தப் பாதையில் நான் போகவில்லை. குளிர்த்தி கோபத்துக்குச் சிகிச்சையாக வந்ததில்லை. மழைக்கும் அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய்க்குமாக வந்தது. குளிர்வதும் நாம் இல்லை, அம்மன். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் அவளுக்கு நடந்த அநியாயம் முழுவதும் வரி விடாமல் பாடப்படுகிறது, யாரும் குறுக்கே பேசுவதில்லை. அதன்பிறகே தண்ணீர். கேட்காமலே 'ஆறு, ஆறு' என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு இன்னும் ஏறும்.

எங்கள் அம்மம்மா வேறு வரிசை வைத்திருந்தார். கொதித்துக்கொண்டு யார் வந்தாலும் செம்பு நீளும்: "முதல்ல தண்ணியக் குடி, பிறகு கதை." தண்ணீர் முதலில், கதை பிறகு. செனெக்காவின் தாமதம் ஒரு செம்புக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் அம்மம்மாவும் கதையைக் கைவிடச் சொல்லவில்லை.

குளிர்த்தி முடிந்ததும் பல கோயில்களில் கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வைகாசியில் திறந்து, அதே வழக்கை முதலிலிருந்து பாடுவார்கள்.