பணிவு வேறு, கனிவு வேறு

அவையோருக்கு வணக்கம். நம்மை மதியாதவரிடமும் கனிவோடு நடந்துகொள்ள வேண்டும் என்று மேடையில் ஒருவர் சொல்லத் தொடங்கியதுமே, கேட்பவர்களில் பலர் மனத்துக்குள் மறுப்புச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "அடித்தால் வாங்கிக்கொண்டு சிரிக்கச் சொல்கிறாரா?" என்ற அந்த மறுப்பு நியாயமானது; அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

இழிவாகப் பேசியவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிப் போகிறவரைப் பார்த்து, "எவ்வளவு பொறுமைசாலி!" என்று வியக்கிறோம். வேலை போய்விடுமோ, உறவு முறிந்துவிடுமோ என்று அஞ்சி அவர் வாய்மூடியிருந்தால், அதற்குப் பெயர் பொறுமை அன்று, வேறு வழியின்மை. திருப்பிக் கொடுக்கும் வலிமை இருந்தும், சொல்ல வேண்டிய மறுப்பைச் சொல்லிவிட்டு, எதிரில் நிற்பவரைச் சிறுமைப்படுத்தாமல் விடுவதையே நான் கனிவு என்கிறேன்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்கச் சிறையில் தம் கையால் செய்த செருப்பை, தம்மைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சரான ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசாக அளித்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல கோடைக்காலங்கள் அதை அணிந்த ஸ்மட்ஸ், 1939-ஆம் ஆண்டு காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி அதைத் திருப்பி அனுப்பினார். நெகிழ்ச்சியான செய்திதான், ஆனால் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பாதியை விட்டுவிடுகிறார்கள். இந்தியர்கள் கட்டாயமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை நீக்குவதாகச் சொன்ன ஸ்மட்ஸ் வாக்குத் தவறிவிட்டார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டி, 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர்களின் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிடும் போராட்டத்தை நடத்தியவரும் இதே காந்திதான். ஒப்பந்தத் தொழிலாளராக வந்த இந்தியர்கள் மீது சுமத்தப்பட்ட மூன்று பவுண்டு வரி 1914-இல் நீக்கப்பட்டதற்குக் காரணம் செருப்பு அன்று, விடாத போராட்டம். தீயை மறைத்துச் செருப்பை மட்டும் காட்டினால், கனிவு என்பது கெஞ்சலாகச் சுருங்கிவிடும்.

அன்றாட வாழ்வில் நாம் சந்திக்கும் அவமதிப்புகள் அவ்வளவு பெரியவை அல்ல. ஒருவர் எரிந்து விழுகிறார், நம் பேச்சை நடுவில் வெட்டுகிறார், வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போகிறார். உடனே "இவர் குணமே இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிறர் நடத்தைக்குக் காரணம் தேடும்போது அவர்களுடைய சூழ்நிலையைக் குறைத்தும் குணத்தை மிகுத்தும் மதிப்பிடும் இந்தப் போக்குக்கு, லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் பெயர் சூட்டினார். அந்த மனிதர் எந்த நெருக்கடியிலிருந்து வந்து நம் முன் நிற்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலே நம் குரல் தணிந்துவிடும். அதே மனிதர் தொடர்ந்து அப்படியே நடந்துகொண்டால், சூழ்நிலை என்ற சமாதானம் செல்லாது. அப்போது, "இந்தத் தொனியில் பேசினால் என்னால் உரையாடலைத் தொடர முடியாது, நாளை பேசுவோம்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அதில் கனிவுக்கு எந்தக் குறையும் இல்லை.

எதிராளி கூனிக்குறுக வேண்டும் என்பதற்காகவே தேன் தடவிப் பேசுகிறவர்களும் உண்டு. அது பழிவாங்கலின் நாகரிகமான வடிவம். அவமதித்தவருக்கும் அது புரிந்துவிடும். என்னைக் கேட்டால், உண்மையான சோதனை அவர் எதிரில் இருக்கும்போது வருவதில்லை, அவர் போன பிறகே வருகிறது. நடந்ததைப் பத்துப் பேரிடம் கூட்டிச் சொல்லி, அவர் பெயரைக் கெடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் நமக்குக் கிடைக்கிறது.

இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். கனிவைப் பற்றிய அறிவுரை பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்கிறது: மருமகளுக்கு, கடைநிலை ஊழியருக்கு, மாணவருக்கு. அதிகாரத்தில் இருப்பவர் அவமதிக்கும்போது உடனிருந்து பார்த்தவர்கள், பிறகு தனியாக வந்து, "நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பாதிக்கப்பட்டவரிடம் சொல்வதை நான் கனிவுக்கான அறிவுரையாகவே கருதவில்லை. அவர்கள் பேசியிருக்க வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்தது. பேசியிருக்க வேண்டியதும் வேறு ஆளிடம்.