அடுக்கு விரைவாகப் படியலாம், அடுக்குகளுக்கு நடுவே?

அவையோருக்கு வணக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர், மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறை அடுக்குகள் எல்லாம் ஒரே பெருவெள்ளத்தில் விரைவாக உருவானவை என்று வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகள் பெரும்பாலும் உண்மையானவை. அவற்றை மறுக்க நான் வரவில்லை. அவர் நேரமின்றி விட்டுப்போனவற்றையும் சேர்த்து நானே முதலில் வைத்துவிடுகிறேன். அவர் கட்சி முழு வலிமையோடு உங்கள் முன் இருக்கட்டும்.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 12 அன்று மறுபடி வெடித்தபோது சரிவில் பாய்ந்த சூடான சாம்பலும் துகளும் பல மீட்டர் தடிமனுக்கு, மெல்லிய வரி வரியாகப் படிந்தன. அதற்கு ஆன நேரம் சில மணிகளே. 1982 மார்ச்சில் ஒரு சேற்று வெள்ளம் அந்தப் படிவை அறுத்துக்கொண்டு போனதால் உள்ளிருந்த வரிகள் வெளியே தெரிந்தன. பார்ப்பவருக்குப் பல்லாண்டுக் காலப் படிவு போலவே தோன்றும்.

1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அட்லாண்டிக் கடலடித் தந்தி வடங்களில் பக்கத்தில் இருந்தவை உடனே அறுந்தன. தொலைவில் இருந்தவை ஒன்றன் பின் ஒன்றாக, பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே போயின. எது அவற்றை அறுத்தது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேல் புதிராக இருந்தது. 1952இல் ஹீசன், யூவிங் என்ற கடலடி ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள்: நடுக்கத்தில் சரிந்த சேறும் மணலும் நீரோடு கலந்து, கனத்த கலங்கல் ஓட்டமாகக் கடலடியில் பல நூறு கிலோமீட்டர் பாய்ந்திருக்கிறது. அத்தகைய ஓட்டம் ஓயும்போது கனமான மணல் முதலில் இறங்கும், நுண்ணிய சேறு கடைசியில் இறங்கும். ஒரே நாளில் ஒரு முழு அடுக்கு உருவாகிவிடும். மலைத்தொடர்களில் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கும் மணற்கல் படிவுகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

இன்னும் இரண்டு. பெரிய மணியும் சிறிய மணியும் கலந்த மணலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கொட்டினால் அது தானாகவே வரிகளாகப் பிரிந்து நிற்கும் என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே வரிகளை எண்ணுவது மட்டுமே ஆண்டுகளை எண்ணுவதாகாது. சேறு படிய அசையாத நீர் வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. ஓடும் நீரிலும் களித் துகள்கள் திரண்டு சிற்றலைகளாக நகர்ந்து படியும் என்று ஷீபர் குழுவினர் 2007இல் நீரோடைத் தொட்டியில் செய்து காட்டினார்கள். பாடப்புத்தகம் திருத்தப்பட வேண்டியதுதான்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பின் மிஞ்சுவது என்ன? ஓர் அடுக்கு ஒரு நாளில் படியலாம் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. நண்பர் அதிலிருந்து ஒரே தாவலில், அடுக்குகள் எல்லாம் சேர்ந்து சில மாதங்களில் படிந்தன என்ற முடிவுக்குப் போனார். என் கருத்து வேறுபாடு முழுவதும் அந்தத் தாவலில்தான் இருக்கிறது. ஒருவர் வாழ்நாளெல்லாம் எழுதிய கடிதங்களைக் கட்டாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் அரை மணியில் எழுதியிருப்பார். கட்டு சேர ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். கடிதத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே போன காலத்தை எழுதிய வேகத்தை வைத்து யாரும் கணக்கிட மாட்டார்கள்.

பாறையிலும் நாம் பார்க்க வேண்டிய இடம் ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் பரப்பு. விரல் நகத்தின் கனம்கூட இல்லாத அந்தக் கோட்டில் என்ன நடந்திருக்கிறது? அங்கே மண் உருவாகியிருக்கிறதா, வேர் இறங்கியிருக்கிறதா, சேறு காய்ந்து வெடித்திருக்கிறதா, உயிரினம் வளை தோண்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போதும், இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே காலம் போயிருக்கிறது.

இதற்கு வேண்டுமென்றே பெருவெள்ளக் கட்சியினரின் கோட்டையிலிருந்தே சான்று எடுக்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே பாறை வெறுமையாக அரிக்கப்பட்ட பெரும் பரப்பு ஒன்று உண்டு. அதைச் செதுக்கியது பெருவெள்ளம் என்று ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் 1923இல் எழுதினார். மற்ற நிலவியலாளர்கள் கொதித்தார்கள். 1927இல் தலைநகர் வாஷிங்டனில் கூட்டம் கூட்டி அவரை ஒவ்வொருவராக மறுத்தார்கள். மெதுவான மாற்றமே எல்லாவற்றையும் விளக்கும் என்ற பிடிவாதம் அவர்கள் கண்ணை மறைத்தது. பிரெட்ஸ் சொன்னதே சரி. பனியுகத்தில் பனிக்கட்டி அணை ஒன்று மிசூலா என்ற பேரேரியைத் தேக்கி வைத்திருந்தது. அணை உடைந்தபோது அந்த ஏரி சில நாட்களில் வடிந்தது. நீர் போன வழியில் பல மீட்டர் உயர மணலலைகளை ஜோசப் பார்டி அடையாளம் காட்டினார். 1979இல், தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்த பிரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியல் கழகம் தன் மிக உயர்ந்த விருதான பென்ரோஸ் பதக்கத்தை அளித்தது. என் துறையினர் செய்த அநீதியை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வெள்ளம் தெற்கே பரவித் தேங்கிய இடத்தில் பர்லிங்கேம் என்ற ஓடைப் பள்ளம் இருக்கிறது. 1926இல் பாசனக் கால்வாய் நீரைத் திருப்பிவிட்டபோது சில நாட்களிலேயே அறுபட்ட பள்ளம் அது. பள்ளம் விரைவாக உருவாகும் என்பதற்கு அதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பள்ளத்தின் சுவரைப் பாருங்கள். அடியில் பரு மணலும் மேலே நுண்வண்டலுமாக ஏறக்குறைய நாற்பது அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒரே வெள்ளம் நாற்பது முறை பொங்கியதா, அல்லது நாற்பது வெள்ளங்கள் வந்தனவா? ரிச்சர்ட் வெயிட் 1980இல் எழுதிய கட்டுரை விடையை அடுக்குகளின் நடுவே கண்டது. ஓர் அடுக்கின் மேல் எரிமலைச் சாம்பல் தூய வெண்கோடாக விழுந்து கிடக்கிறது. ஓடும் வெள்ளத்தில் விழுந்திருந்தால் கரைந்து கலந்திருக்கும். காய்ந்து நின்ற தரையில், காற்றிலிருந்து விழுந்தால்தான் அப்படிக் கிடக்கும். வேறு அடுக்குகளில் எலியினத்து விலங்குகள் தோண்டிய வளைகள் இருக்கின்றன, காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்மண் இருக்கிறது. வெள்ளம் வந்தது, வடிந்தது, தரை காய்ந்தது, விலங்குகள் குடியேறின, பல ஆண்டுகள் கழித்து அடுத்த வெள்ளம் வந்தது. அந்தச் சாம்பல் எந்த மலையிலிருந்து வந்தது தெரியுமா? சற்று முன் பேசிய அதே செயின்ட் ஹெலன்ஸ்.

உலகத்திலேயே மிக வேகமான படிவுகளில் ஒன்று அது. அங்கேயே கதையைச் சொல்வது நடுவே உள்ள பரப்புதான் என்றால், மற்ற இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கனடாவின் ஜாகின்ஸ் கடற்பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 31 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறையில் மரங்கள் நின்ற நிலையிலேயே, பல அடுக்குகளை ஊடுருவிக் கல்லாகியிருக்கின்றன. மரம் அழுகுவதற்குள் மண் மூடியிருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னது சரி. ஆனால் அம்மரங்கள் வேரோடு, தாம் வளர்ந்த மண்ணிலேயே நிற்கின்றன. ஒரு காட்டுக்கு மேல் இன்னொரு காடு, அதற்கும் மேல் மற்றொன்று எனப் பல மட்டங்களில் நிற்கின்றன. ஒவ்வொரு காடும் முளைத்து வளர்ந்து முதிர வேண்டும். அதுவும் போதாதென்று, புதைந்த அடிமரங்கள் சிலவற்றின் உட்பகுதி உளுத்துப் பொந்தாகி, அந்தப் பொந்துக்குள் பழங்கால ஊர்வனவின் எலும்புகள் கிடக்கின்றன. நிலவியலாளர் டாசன் அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக் காட்டினார். மூடியது விரைவு, முளைத்ததும் முதிர்ந்ததும் உளுத்ததும் நிதானம். இரண்டும் ஒரே பாறையில் எழுதியிருக்கின்றன.

எனக்கு மிகப் பிடித்த சான்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே ரெட்வால் என்ற சுண்ணாம்புக்கல் செங்குத்துச் சுவராக நிற்கிறது. சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதன் மேற்பரப்பு நேர்க்கோடு போலத் தெரிந்தாலும், நெருங்கிப் பார்த்தவர்கள் அதில் குகைகளையும் தரை உள்வாங்கி உண்டான அமிழ்குழிகளையும் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான பழைய பள்ளத்தாக்குகளையும் கண்டார்கள். அவை வேறொரு படிவால் நிரம்பி, அதன் மேல் அடுத்த பாறைத் தொகுதி படிந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் குகை வர என்ன வேண்டும்? முதலில் சேறு இறுகிக் கல்லாக வேண்டும். கடல் விலக வேண்டும். மழைநீர் கல்லின் விரிசல்களில் இறங்கி, துளித்துளியாகக் கரைக்க வேண்டும். குகையின் கூரை இடிந்து விழுமளவுக்கு அது கெட்டியாக இருந்திருக்க வேண்டும். பிறகு கடல் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூட வேண்டும். மலையளவு நீர் ஒரே தடவை புரண்டு வந்தால், தான் இட்ட ஈரச் சேற்றுக்குள் இத்தகைய குகைகளை எப்படிக் குடைய முடியும்? இந்தக் கேள்விக்கு நண்பர் பக்கத்திலிருந்து நான் நிறைவான பதிலை இதுவரை கேட்டதில்லை. இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியதரைக் கடலின் அடியில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான உப்பு கிடக்கிறது. 1970இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் அந்தப் படிவின் மேற்பகுதியைத் துளைத்து மாதிரி எடுத்தது. ஆயிரம் மீட்டர் ஆழக் கடல்நீரை முழுக்க வற்றவைத்தால் கிடைக்கும் உப்பு சுமார் 15 மீட்டர்தான். ஆகவே அந்தக் கடலுக்குள் நீர் வந்துகொண்டும் வற்றிக்கொண்டும் இருந்திருக்க வேண்டும். நிலவியல் கணக்கில் அது மிக வேகமான நிகழ்வு. ஆனாலும் உப்புப் படிய நீர் ஆவியாக வேண்டும், அதற்கு வெயில் வேண்டும், காலம் வேண்டும்.

"அப்படியானால் எவ்வளவு காலம்?" என்று கேட்பீர்கள். அடுக்கை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கடிகாரம் வேண்டும். படிவுகளுக்கு நடுவே விழுந்த எரிமலைச் சாம்பலில் சிர்க்கான் என்ற சிறு படிகங்கள் இருக்கும். அவற்றுக்குள் யுரேனியம் ஈயமாக மாறிவருகிறது. இந்தக் கதிரியக்கச் சிதைவில் யுரேனியம் 238இன் பாதி மாறி முடிய ஆகும் காலம், அதாவது அதன் அரை ஆயுட்காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். கீழ்ச் சாம்பல் மூத்ததாகவும் மேல் சாம்பல் இளையதாகவும் வரிசை தவறாமல் வருகிறதா என்பதே சோதனை. அவசரமாகக் கொட்டிய குவியலில் அப்படி வரிசை வர எந்தக் காரணமும் இல்லை.

"அந்தச் சிதைவு வேகமே முன்பு வேறாக இருந்திருந்தால்?" என்பது அடுத்த எதிர்வாதம். நல்ல கேள்வி. அதற்குக் கதிரியக்கத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். கடல் ஏற்றவற்றத்தின் உரசலால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைந்துவருகிறது. முற்காலத்தில் நாள் குறுகியது; ஆண்டுக்கு நாட்கள் அதிகம். டெவோனியன் என்ற பழங்காலப் பகுதியின் பாறைகளுக்குக் கதிரியக்கம் தரும் வயது சரியென்றால் அன்று ஓர் ஆண்டில் ஏறக்குறைய 400 நாட்கள் இருந்திருக்க வேண்டும் என்று வானியல் கணக்குச் சொல்கிறது. ஜான் வெல்ஸ் 1963இல் டெவோனியன் பவளங்களை எடுத்து, ஓர் ஆண்டு வளர்ச்சிக்குள் இருந்த நுண்கோடுகளை எண்ணினார். ஒரு கோடு ஒரு நாள். எண்ணிக்கை 385க்கும் 410க்கும் இடையில் வந்தது. எண்ணுவது கடினம், தவறும் நேரும். அதனால்தான் ஒரே எண் வரவில்லை. ஆனால் யுரேனிய அணுவும் நிலவின் ஈர்ப்பும் ஒரு பவளத்தின் மேல்தோலும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே திசையைக் காட்டுகின்றன. இதை நான் முதலில் படித்தபோது அடைந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

இனி, நிலவியலாளர்களுக்குள் உண்மையாக நடக்கும் சண்டைக்கு வருகிறேன். பீட்டர் சாட்லர் என்ற நிலவியலாளர் 1981இல் ஆயிரக்கணக்கான படிவு வேகங்களைத் திரட்டி ஒப்பிட்டார். குறுகிய காலத்துக்கு அளந்தால் வேகம் மிக அதிகம். நீண்ட காலத்துக்கு அளந்தால் வேகம் மிகக் குறைவு. காரணம் எளிது: நீண்ட காலத்தில் படிவே நிகழாத நாட்களும், படிந்தது அரித்துப்போன நாட்களும் சேர்ந்துகொள்கின்றன. வேறு சொல்லில், பாறையில் பதிவானதைவிடப் பதிவாகாமல் போனதே அதிகம். ஆகவே "மெதுவாக, மழைத்துளி போல் ஒரே சீராகப் படிந்தது" என்று நம்மில் சிலர் இன்னும் பேசுவதும் தவறுதான். அதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

அப்படிக் காணாமல் போன காலங்களில் மிகப் பெரியது அதே கிராண்ட் கேன்யனின் அடியில் இருக்கிறது. சுமார் 170 கோடி ஆண்டு வயதுள்ள உருமாறிய பாறையின் மேல், சில இடங்களில் நேரடியாக, சுமார் 50 கோடி ஆண்டு வயதுள்ள மணற்கல் படிந்திருக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலம் ஒரு கோட்டுக்குள் அடங்கிவிட்டது. இத்தகைய இடைவெளி மற்ற கண்டங்களிலும் காணப்படுகிறது. எது அரித்தது? சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியையே மூடிய பனிப்பாளங்கள் வழித்தெடுத்தன என்று 2019இல் ஒரு குழு வாதிட்டது. ரொடீனியா என்ற பெருங்கண்டம் கூடியபோதும் உடைந்தபோதும் நிலம் எழும்பி, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காலங்களில் அரிக்கப்பட்டது என்கிறார்கள் மற்றவர்கள். அந்தப் பழம்பாறையின் படிகங்களில் சிக்கியிருக்கும் ஹீலியத்தை அளந்து, அது எப்போது மேலெழுந்து குளிர்ந்தது என்று கணக்கிட்டு இரு தரப்பும் மோதுகின்றன. இடத்துக்கு இடம் அந்தக் காலம் மாறுவதைப் பார்த்தால், ஒரே பனியுகத்தின் மேல் முழுப் பொறுப்பையும் சுமத்த முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. உங்களில் யாராவது அதற்கு மாறான தரவு வைத்திருந்தால், கேள்வி நேரத்தில் அதிலிருந்தே தொடங்கலாம்.