பாடுவதற்குக் கவிதையைக் கொடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாண்பமை நீதியரசர் அவர்களே, பல்வேறு அலுவல்களுக்கிடையிலும் வந்திருந்து வாழ்த்திய துணைவேந்தர் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்த செயலாளர் ஐயா அவர்களே, சற்றுமுன் சேர்ந்திசை பாடிய மாணவ மாணவியரே, அவர்களைப் பழக்கிய ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் ‘ஸ்லீப்’ என்னும் சேர்ந்திசைப் படைப்பின் சுர அமைப்பு, அதன் கவிதை, அக்கவிதையின் உரிமைச் சிக்கல் ஆகிய மூன்றையும் பேச வந்தேன். மூன்றாவதே நம்மையும் சுடுவது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்’ என்பார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், வழக்கறிஞரும் பாடகியுமான ஒரு பெண்மணியின் பெற்றோர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இணைந்து வாழ்ந்து, சில வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மறைந்தார்கள். அவர்கள் நினைவாக, மறைந்த அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட்டின் பனிக்காட்டுக் கவிதைக்கு இசையமைத்துத் தருமாறு 1999-இல் அவர் விட்டேக்கரைக் கேட்டார். 2000-இல் அது ஆஸ்டினில் அரங்கேறியது. அதன்பின் மடல் மேல் மடல் எழுதியும் ஃபிராஸ்ட்டின் எழுத்துரிமையைக் காப்பவர்கள் இசைவு தர மறுத்துவிட்டார்கள். இதே கவிதைக்கு இசையமைப்பாளர் ராண்டல் தாம்ப்சன் அமைத்த சேர்ந்திசை 1959-இல் அரங்கேறியபோது கவிஞரே அவையில் அமர்ந்து கேட்டார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. கவிதை 1923-இல் வெளியானது; 1998-இல் அமெரிக்கச் சட்டம் காப்புரிமையை இருபது ஆண்டு நீட்டியிராவிட்டால், 1999 பிறந்ததுமே அது பொதுச்சொத்தாகியிருக்கும்.

அதே இசைக்குப் புதிதாக ஒரு கவிதை எழுதித் தருமாறு, விட்டேக்கர் தம் நண்பரான கவிஞர் சார்லஸ் ஆண்டனி சில்வெஸ்ட்ரியிடம் போனார். மெட்டுக்குப் பாட்டெழுதுவது நம் திரையுலகில் அன்றாட வேலைதான். ஆனால் இது வேறொரு கவிதைக்கென்றே பிறந்த மெட்டு. அடிக்கு எட்டு அசை, அதே இயைபு, அதே பதினாறு அடி. உறங்குமுன் நெடுந்தொலைவு போக வேண்டும் என்ற கடைசி அடியை ஃபிராஸ்ட் இருமுறை சொல்கிறார். அந்த ‘உறக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் நின்றுதான் விட்டேக்கரின் குரல்கள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. ஆகவே புதுக் கவிதையும் அச்சொல்லில் முடிந்தே தீர வேண்டியிருந்தது. பனிக்காட்டில் நின்ற பயணி போய், கண்ணயரும் ஓர் உயிர் வந்தது. 2011-இல் 58 நாடுகளிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரவர் இடத்திலிருந்தே பாடி அனுப்பிய குரல்கள் இணைக்கப்பட்டு உலகெங்கும் ஒலித்தது இந்தப் புதுக் கவிதைதான். 2019-இல் ஃபிராஸ்ட்டின் கவிதை பொதுச்சொத்தானது. ஆனால் அதற்குத் திரும்புவதில்லை என்று விட்டேக்கர் முன்பே முடிவு செய்திருந்தார்.

எல்லோருக்கும் ஒரு சில்வெஸ்ட்ரி வாய்ப்பதில்லை. பாரதியின் பாடல்களை 1949-இல் அரசு மக்களுக்காகப் பெற்றபோது, திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் தம்மிடமிருந்த இசையுரிமையை விலை வாங்காமல் கொடுத்தார். அந்தப் பெருமனத்தால் அன்றிலிருந்தே எந்தப் பள்ளிக் குழுவும் பாரதியை அஞ்சாமல் பாட முடிந்தது. பிற்காலக் கவிஞர்களுக்கோ, மறைந்து அறுபது ஆண்டு கழியும்வரை, ஒவ்வொரு குழுவும் வாரிசுகளின் முகவரி தேடி அலைகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்ற நிலை தமிழில் தொடரலாகாது. உழைப்பின் பயன் வாரிசுகளுக்குச் சேரட்டும். நாட்டுடைமையாக்கும்போது அரசு அவர்களுக்குத் தாராளமாகவே கொடுக்கட்டும். ஆனால், கட்டணமில்லாத மேடைகளில் சேர்ந்திசையாகப் பாட இசைவு உண்டு என்ற ஒரு வரியை, வாழும் கவிஞர்கள் தம் தொகுப்புகளின் உரிமைப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என மன்றாடுகிறேன்.

சுர அமைப்பைப் பேச நேரமில்லை என்று செயலாளர் ஐயா சீட்டு அனுப்பிவிட்டார். இக்கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி வாயில் மேசையில் வைத்திருக்கிறோம். கவிஞர்கள் முதலில் கையொப்பமிட வேண்டுகிறேன்.