அடிக் கணக்கும் கிலோ குழாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாம் இன்றும் அடியில்தான் கேட்கிறோம். திறந்துவிடும் நீரைக் கன அடியிலும், இருப்பை டி.எம்.சி.யிலும் (நூறு கோடி கன அடி) சொல்கிறோம். மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இலேயே வந்துவிட்டபோதும் டெல்டாவின் நீர்க்கணக்கு அடியை விடவில்லை. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் கடையில் வாங்கும் பி.வி.சி. குழாய் "நாலு கிலோ", "ஆறு கிலோ" என்று மெட்ரிக்கில் வருகிறது. அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜோ பல வேளைகளில் பவுண்டு-அங்குலக் கணக்கான பி.எஸ்.ஐ.யில் பேசுகிறது. இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் குழாய் வெடிக்கிறது.

என் வயலிலேயே வெடித்தது. மோட்டாரின் ஹெட், அதாவது அதன் அழுத்தம் நீரை ஏற்றக்கூடிய உயரம், வால்வை முழுதும் மூடிய நிலையில், 180 அடி. போர்வெல்லில் நீர் 30 அடி ஆழத்தில் நின்றது. ஆக, தரையில் கிடந்த குழாய்க்கு 150 அடி நீரின் அழுத்தம் மிஞ்சும். கேஜின் முள் 65-இல் நின்றதைப் பார்த்தேன், அது பி.எஸ்.ஐ. என்பதும், நாலு கிலோ குழாயோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலு கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நாலு கிலோ எடை அழுத்துவது. பத்து மீட்டர் உயர நீர், அதாவது 32.8 அடி, ஒரு கிலோ அழுத்தம் தரும். ஒரு சதுர அங்குலத்தில் ஒரு பவுண்டு எடை அழுத்தினால் ஒரு பி.எஸ்.ஐ.; அது 2.31 அடி நீருக்குச் சமம். ஒரு கிலோவுக்கு 14.22 பி.எஸ்.ஐ. ஆகவே அடியை 33-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும்: 150 அடிக்கு நாலரைக்குச் சற்று மேல். குழாயின் நாலு கிலோவோ சுமார் 27 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன மதிப்பு. சித்திரை வெயிலில் கிடக்கும் குழாய் அதையும் தாங்காது.

பார் என்ற இன்னொரு அழுத்த அலகும் உண்டு; அது 1.02 கிலோ, 100 கிலோபாஸ்கல். வயல் வேலைக்குப் பாரையும் கிலோவையும் ஒன்றாகவே கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் அப்படிக் கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கேஜ் பூஜ்யம் காட்டும்போதும் காற்று நம்மை 14.7 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. வானிலை அறிக்கை சொல்லும் 1013 ஹெக்டோபாஸ்கலும் கடல்மட்டத்தில் இதே அழுத்தத்தைத்தான் குறிக்கிறது. இதை 2.31-ஆல் பெருக்கினால் 34 அடி கிடைக்கும். தரையில் வைத்த மோட்டார் நீரை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மோட்டார் வெற்றிடத்தை உண்டாக்க, காற்றுதான் நீரை மேலே தள்ளுகிறது. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் 34 அடிக்கு மேல் அது தள்ளாது. நடைமுறையில் 25 அடியே பெரிது. அதனால்தான், நீர்மட்டம் இறங்கிய ஊர்களில் ஃபில்டர் பாயிண்ட் எனும் ஆழம் குறைந்த குழாய்க்கிணறு வைத்திருந்தவர்கள் குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். நீர் அதற்கும் கீழே போன இடங்களில் நீருக்குள்ளேயே மூழ்கி நின்று நீரை மேலே தள்ளும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு மாறினார்கள்.

வணக்கம்.