கதவு மூடியிருக்கும், கை நீளும்

தலைப்பு: "நாளைய வீட்டுக் கருவிகளால் முகம் தெரியாதவருக்கு உதவும் குணம் வளருமா, தேயுமா?"
"வளரும்" என்ற அணியின் உரை.

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். ஒன்று, கதவுமணியில் கேமரா வந்த பிறகு தாகம் என்று வந்தவரைக்கூடத் திரையில் பார்த்தே அனுப்பிவிடுகிறோம். இரண்டு, ஃப்ரிட்ஜ் பெரிதாகப் பெரிதாக மிச்சம் மீதி அடுத்த வீட்டுக்குப் போவது நின்றுவிட்டது. மூன்று, நாளைக்கு எல்லா உதவியையும் எந்திரமே செய்துவிட்டால் மனிதருக்கு மனிதர் எதற்கு? நன்றாகப் பேசினார். நானும் கை தட்டினேன். தட்டிய கை வேறு, தீர்ப்பு வேறு என்பது நடுவருக்குத் தெரியும்.

திண்ணையும் தண்ணீர்ப் பந்தலும் இருந்த காலத்தைச் சொல்லி அவர் உருகினார். அந்த வரிசையில் சுமைதாங்கியை விட்டுவிட்டாரே! நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல், உயரம் ஏறக்குறைய தோளளவு. தலைச்சுமையோடு தனியாக நடந்து வருபவருக்குச் சுமையை இறக்க ஓர் ஆள் வேண்டும், மறுபடி ஏற்றிவிடவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பதிலாகத்தான் அந்தக் கல். வைத்தவர் எங்கோ இருப்பார், இல்லை செத்தும் போயிருப்பார். இறக்கி வைத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஐயா, அதுவும் கருவிதானே? முகம் தெரியாதவருக்குக் கொடுக்க மனம் மட்டும் போதாது. கொடுத்தவர் பக்கத்தில் இல்லாதபோதும் கொடுத்தது கெடாமல் காத்திருக்க வேண்டும், தேவைப்பட்டவர் கையில் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை நம் வீட்டுக் கருவிகள் இப்போதே செய்யத் தொடங்கிவிட்டன என்பதுதான் என் கட்சி.

பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்த சுமைதாங்கிகள் நம் ஊர்ப்பக்கம் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன். என் முதல் சாட்சி தாய்ப்பால்.

ஒரு தாய்க்கு மிஞ்சிய பாலை வாங்கி, பால் கிடைக்காத வேறு குழந்தைக்குக் கொடுப்பதுதான் தாய்ப்பால் வங்கி. உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909இல் வியன்னாவில் தொடங்கியது. இந்தியாவில் 1989இல், மும்பை சயான் மருத்துவமனையில். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது. குறைமாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு நாளைக்குக் கொடுப்பது 20 மில்லி அளவுதான். அப்படியானால் 100 மில்லி பால் ஐந்து குழந்தைகளின் ஒரு நாள் உணவு. கறந்த பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து உடனே குளிர்விக்கிறார்கள். அதற்கு முன் கொடுக்கும் தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் சோதனை. சூடாக்கிய பாலில் கிருமி இருக்கிறதா என்று மறுபடி சோதனை. இதெல்லாம் வங்கியின் வேலை. ஆனால் பால் சுரப்பது வங்கியில் இல்லையே, வீட்டில் அல்லவா? ராத்திரி இரண்டு மணிக்கு மிஞ்சும் பாலை யார் வங்கிக்கு எடுத்துப் போவார்?

அங்கே இரண்டு வீட்டுக் கருவிகள் வருகின்றன. பால் உறிஞ்சும் பம்பும் ஃப்ரீசரும்.

பம்பை வாங்கினால் ஆயிற்றா என்றால் இல்லை. மார்பில் வைக்கும் புனல் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அளவில் பெட்டியோடு வரும். எல்லோருக்கும் அது பொருந்தாது. பொருந்தாவிட்டால் வலிக்கும், பாலும் சரியாக வராது. அதற்குள் சிலிக்கோனில் சின்னதாக ஒரு வால்வு இருக்கிறது. அடிக்கடி பயன்படுத்தினால் ஓரிரு மாதத்தில் தளர்ந்துவிடும், உறிஞ்சும் வேகம் குறையும். "எனக்குப் பால் வற்றிவிட்டது" என்று அந்தப் பெண் அழுவாள்; மாமியார் பூண்டுக் குழம்பு வைப்பார். வற்றியது வால்வு! பாகங்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடாமல் தனிக் கிண்ணத்தில் கழுவ வேண்டும், அங்கே எந்தப் பாத்திரத்தின் அழுக்கு ஒட்டியிருக்கிறதோ! மெல்லிய குழாயில் ஈரம் தங்கினால் கறந்து முடித்த பின்னும் பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டுக் காயவைக்கலாம். பூஞ்சை கண்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறு குழாய் வாங்க வேண்டும்.

பாட்டிலில் முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும், உறையும்போது பால் விரியும். தேதியும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். உறைந்த பாலின் மேல் இளஞ்சூடான புதுப்பாலை ஊற்றக் கூடாது. ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. இவ்வளவையும் செய்துவிட்டு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்தால் பலன் பாதிதான். அந்த அறை மைனஸ் 18 டிகிரியைப் பிடித்து வைப்பதில்லை, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். தனிக் கதவுள்ள ஃப்ரீசர் வேண்டும், அதிலும் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வீட்டில் எடுத்த பாலை ஏற்பார்களா, எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பதை அந்தந்த வங்கியிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இதை நாடு தழுவிச் செய்து காட்டியது பிரேசில். 200க்கு மேற்பட்ட தாய்ப்பால் வங்கிகள் அங்கே. பிளாஸ்டிக் மூடி போட்ட காபித்தூள் கண்ணாடி ஜாடியைக் கழுவி, 15 நிமிடம் கொதிக்க வைத்து, கவிழ்த்துக் காயவைத்து, அதில் பாலைச் சேர்த்து ஃப்ரீசரில் வைக்கிறார்கள். 15 நாளுக்குள் வங்கிக்குப் போக வேண்டும். தலைநகர் பிரேசிலியாவில் வீடு வீடாக வந்து அந்த ஜாடிகளை வாங்கிப் போவது தீயணைப்புத் துறையினர். ஃப்ரிட்ஜ் வந்ததால் மிச்சம் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை என்றார் அம்மா. உண்மை, அடுத்த வீட்டோடு நிற்கவில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி இன்குபேட்டரில் படுத்திருக்கும் குழந்தை வரை போகிறது.

சரி, நாளைக்கு என்ன வரும்? நம் ஊரில் இந்தத் தானத்துக்குப் பெரிய எதிரி கரண்டு. ராத்திரி மின்சாரம் போய், பால் இளகி, விடிவதற்குள் மறுபடி உறைந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். காசு மேலேயே இருந்தால் பால் தப்பியது. உள்ளே அமிழ்ந்திருந்தால் ஃப்ரீசர் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, பாலைக் கொடுக்காதீர்கள். இந்தக் காசின் வேலையைத்தான் நாளைய ஃப்ரிட்ஜ் செய்யப் போகிறது. நிமிடத்துக்கு நிமிடம் வெப்பநிலையைக் குறித்து வைக்கும் உணரி, மின்சாரம் போனாலும் அதை ஓட்டும் சிறு பேட்டரி, அந்தப் பதிவை வங்கியின் செவிலியர் தன் போனில் பார்க்க ஒரு வசதி. புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், தடுப்பூசிப் பெட்டிகளில் இருப்பதுதான். அது வீட்டுக்கு வந்தால் முன்பின் தெரியாத ஒரு தாயின் பாலை நம்புவதற்கு வங்கியிடம் ஆதாரம் இருக்கும். அந்நியரிடம் வாங்கத் தயங்குவது கல் நெஞ்சத்தால் அல்ல, பயத்தால். கருவி அந்தப் பயத்தை அளந்து காட்டும்.

(நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கொஞ்சம் வேகமாகப் போகிறேன் ஐயா.)

இரண்டாவது சாட்சி மின்சாரம். 2018 நவம்பர் 16, கஜா புயல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அன்று மாடியில் சோலார் வைத்திருந்தாலும் பெரும்பாலோருக்குப் பயன் இருந்திருக்காது. கிரிட்டோடு, அதாவது தெரு மின்கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் கரண்டு நின்ற சில நொடிகளில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியர் மேல் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும், வீடு இருட்டாக இருக்கும்! பேட்டரியும், கிரிட்டைத் துண்டித்துக்கொண்டு தனியே ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் இருந்தால்தான் புயல் நாளில் விளக்கு எரியும்.

ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு இதை யோசித்தார்கள். 2012இல் நிசான் லீஃப் காரின் 24 யூனிட் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் பெட்டி விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலும் இன்று சில மின்கார்களில் வெளியே கரண்டு தரும் வசதி உண்டு. கணக்குப் போடுவோம். 40 யூனிட் பேட்டரியில் தெருவுக்கென்று வெறும் 5 யூனிட் ஒதுக்குங்கள். ஒரு போனுக்கு இழப்பும் சேர்த்து 25 வாட்-மணி. ஆக 200 போன். அல்லது 350 வாட் இழுக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று 14 மணி நேரம் ஓடும். காருக்குச் சொந்தக்காரர் இன்னும் 35 யூனிட்டோடு ஆஸ்பத்திரிக்கும் போகலாம், ஊருக்கும் போகலாம்.

இதிலும் உயிர் போகும் தவறு ஒன்று இருக்கிறது. இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரை வீட்டு பிளக்கில் செருகி "வீடு முழுக்க கரண்டு விடுகிறேன்" என்று சிலர் கிளம்புவார்கள். அது தெருக்கம்பிக்குத் திரும்பிப் போய் மின் ஊழியரைக் கொல்லும். காரிலிருந்து தனி எக்ஸ்டென்ஷன் பெட்டிதான் எடுக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், கசிவு கண்டால் துண்டிக்கும் பிரேக்கர், ஈரத்தரையில் படாமல் ஸ்டூல் மேல் பெட்டி. போன், விளக்கு, நெபுலைசர், ஆக்சிஜன் செறிவூட்டி மட்டும். அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் கூடாது. கேட்டுக்கு வெளியே ஒரு பலகையில் "இங்கே சார்ஜ் போடலாம்" என்று எழுதி வைத்தால் போதும். யாரிடமும் உதவி கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை பாருங்கள், வாங்குபவருக்கு அது பெரிய மரியாதை.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன், எந்திரம் வந்தால் மனிதர் எதற்கு என்பது. இதில் எதிரணிக்குப் பாதி நியாயம் தருகிறேன். 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய 'பி மை ஐஸ்' என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவர் வீடியோவில் அழைப்பார், உலகில் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் எடுத்து, பால் பாக்கெட்டின் தேதியைப் படித்துச் சொல்வார். அழைப்பவர்களைவிட எடுக்கக் காத்திருப்பவர்கள் பன்மடங்கு அதிகம். கொடுக்க ஆளில்லை என்று யார் சொன்னது? 2023இல் அதே செயலியில் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தது. இனி மனிதர் வேண்டாமே என்பார்கள். ஆனால் இண்டக்ஷன் அடுப்பின் வழவழப்பான தொடுபலகையில் விரல் எங்கே இருக்கிறது, இன்னும் எத்தனை அங்குலம் நகர்த்த வேண்டும் என்று கூடவே இருந்து சொல்வதற்கு ஆள் வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். "இங்கே, அங்கே" என்றால் அவருக்குப் புரியாது, "வலப்பக்கம் இரண்டு விரல்" என்று சொல்ல வேண்டும். எழுத்து தெரியாவிட்டால் போனைப் பின்னால் இழுக்கச் சொல்ல வேண்டும். மாத்திரைப் பட்டையின் பெயர் மடிப்பில் மறைந்திருந்தால் ஊகித்துச் சொல்லவே கூடாது, "படிக்க முடியவில்லை" என்பதுதான் உதவி. நாளைக்கு இது மூக்குக் கண்ணாடியில் வரும், இரண்டு கையும் அடுப்புக்கு மிஞ்சும். அதோடு, அடுப்பு செய்பவர்கள் முதலிலேயே நாலு மேட்டுப் புள்ளி வைத்திருந்தால் பாதி அழைப்பு வந்தே இருக்காது. அது உற்பத்தியாளரின் குறை, கருவி என்ற இனத்தின் குறை அல்ல.

கடைசியாக அந்தக் கதவுமணி. கேமரா சந்தேகத்தை வளர்க்கிறது என்பதை மறுக்கவில்லை. தெருவையே படம் பிடித்து, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் சேமித்து வைப்பது அநாகரிகம். கேமராவை நம் வாசற்படி அளவுக்குத் திருப்பி வைக்கலாம், பதிவைச் சில நாளில் தானே அழியும்படி அமைக்கலாம், பேசும் வசதியை மட்டும் எப்போதும் திறந்து வைக்கலாம். இவ்வளவும் செய்தபின் வாசலில் மூடியோடு ஒரு சிறு அலமாரி, உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில். உணவு கொண்டுவரும் பையன் மணி அடித்தால், "தம்பி, அலமாரியில தண்ணி இருக்கு, எடுத்துக்குங்க" என்று உள்ளிருந்தே சொல்லலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி ஐயா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். கேமராவே இல்லாத காலத்தில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன நடுப்பகலில், வீட்டில் தனியாக இருந்த பாட்டி, தண்ணீர் கேட்ட அந்நியருக்குத் தாழ்ப்பாளைத் திறந்தாரா? திறந்தார் என்றால் எந்த ஊரில், எந்த அடுக்குமாடியில் என்றும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வணக்கம்.